ஏழெட்டு ஐம்பத்து நாலு: சைகோன் சந்து ஒன்றில் ஆறு நாள்

ஜூலை 16, 2024, செவ்வாய்

ராத்திரி விமானம், பொட்டுத் தூக்கம் இல்லை. இறங்கும்போது உடம்புக்கு விடிகாலை நாலு மணி, ஊருக்கு ஐந்தரை. அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போனது என்று அம்மா கேட்டார். ஊருக்குத் திரும்பும்போது கிடைத்துவிடும் என்றேன்.

ஹோ சி மின் நகரம் என்பது 1976இல் வைத்த அரசாங்கப் பெயர். நான் சைகோன் என்றுதான் எழுதப்போகிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு வேறு பெயர் வாயில் வராது. இங்கே நாங்கள் தங்கியிருக்கும் சந்துக்காரர்களுக்கும் வரவில்லை என்பதை முதல் நாளே கவனித்தேன்.

அம்மா வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருக்கோடி வீட்டில் ஒரு சைகோன் ஆயா இருந்தாராம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்க்காரரைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவர். தமிழ் பேசுவார், புடவை கட்டுவார், ஆனால் அவர் வீட்டு அடுப்பு மட்டும் கடைசி வரை சைகோனிலேயே இருந்தது. 'அந்த ஆயா ஊரை ஒரு தடவை பார்த்துடணும்' என்று அம்மா இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், 67 வயது. ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் விடை வரும் வரை விடமாட்டார்.

அறை மூன்றாம் வட்டத்தில், பான் கொ சந்தைக்குப் பக்கம். பான் கொ என்றால் சதுரங்கப் பலகை. பெயருக்கேற்ற மாதிரி கட்டம் கட்டமாகச் சந்துகள். இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று யார் வீட்டுக்குள்ளாவது ஏறி ஒதுங்க வேண்டும். எங்கள் சந்தின் வாயில்தான் அந்தக் கடை.

கடை என்றால் இவ்வளவுதான்: தள்ளுவண்டியின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் சிவப்பு எழுத்தில் பான் மீ, அதாவது உள்ளே இறைச்சியோ முட்டையோ திணித்த ரொட்டி. வண்டிக்குப் பின்னால் அந்த வீட்டின் முன்னறை. இரண்டு எவர்சில்வர் மேசை, முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள், சுவரில் சாமி மாடம், அதில் ஊதுபத்தியும் வாழைப்பழமும். இங்கே தெருவுக்கு நாலு பான் மீ கடை. நம்மூரில் இட்லிக்கடை மாதிரி. யாரும் அதைத் தேடிப்போவதில்லை, வேலைக்குப் போகிற வழியில் பைக்கை அணைக்காமலே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

வண்டிக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். பூப்போட்ட பைஜாமா, அதே துணியில் சட்டை. கடையில் கூப்பிட 'எம் ஓய்' என்று சொல்ல வேண்டும் என்று எங்கேயோ வீடியோவில் பார்த்திருந்தேன். சத்தமாக 'எம் ஓய்!' என்றேன்.

வரிசையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் காபி போடும் பையனுக்கு இங்கிலீஷ் வரும். அவன்தான் விளக்கினான். 'எம்' என்றால் தங்கச்சி, தம்பி. அதாவது நான் அந்த அம்மாளை 'ஏ தங்கச்சி' என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் வயதுக்கு 'கோ' என்று சொல்ல வேண்டும், அத்தை மாதிரி. 'ஓய்' மட்டும் சரி. நம்ம 'ஓய்'தான், ஆனால் மரியாதைக் குறைவு இல்லை.

இந்த மொழியில் 'நீ', 'நீங்கள்' என்று மொட்டையாகக் கூப்பிட மாட்டார்களாம். எதிரே நிற்பவர் அக்காவா, அத்தையா, தாத்தாவா என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். நமக்குப் பழக்கமான தொல்லைதான்.

'கோ ஓய்' என்று திருத்திக் கூப்பிட்டேன். அவர் என்னைக் 'கொன்' என்றார். பிள்ளை என்று அர்த்தம். நாற்பத்திரண்டு வயதில் பிள்ளையானேன்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. அம்மா குளித்துவிட்டு அறைச் சுவருக்கே ஒரு கும்பிடு போட்டார்.

காலையில் கோ கடை. அம்மா கோழி, மீன் சாப்பிடுவார், பன்றியும் மாடும் தொடமாட்டார். இங்கே பான் மீ என்றால் பாதிக்கு மேல் பன்றி: ஈரலை அரைத்துச் செய்யும் பாத்தே, வாழையிலையில் சுற்றி அவித்த சா லுவா, சிவப்பு ஓரம் போட்ட குளிர்ந்த இறைச்சித் துண்டுகள். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கோ முட்டையைக் கையில் எடுத்துக் காட்டி 'ஓப் லா?' என்றார்.

எனக்கு ஒரு நொடி ஆனது. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் படித்த பிரெஞ்சு இங்கே வந்து பயன்பட்டது. ஓ ப்ளா, அதாவது ஒருபக்கம் பொரித்த முட்டை. அதுதான் இவர்கள் வாயில் ஓப் லா. அதன்பின் கண்ணாடிப் பெட்டியையே பிரெஞ்சு அகராதியாகப் பார்க்க ஆரம்பித்தேன். வெண்ணெய்க்கு 'பொ', பிரெஞ்சில் பெர். இறைச்சி அரைப்புக்குப் 'பாத்தே'. கேரட்டுக்குக் 'கா ரொத்'. பக்கத்துப் பையன் போடுவது 'கா ஃபே'. ஆண்டவர்கள் போய் எழுபது வருஷம் ஆகிறது, அடுப்படியை விட்டு மட்டும் போகவில்லை.

கோ செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டிக்குக் கீழே கரியடுப்பு, அதன் மேல் தகரத் தட்டில் ரொட்டி சூடாகிக்கொண்டே இருக்கும். ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அழுத்துவார். சரசரவென்று சத்தம் வந்தால்தான் கத்தி. வராவிட்டால் மறுபடி தட்டுக்கே போகும். பக்கவாட்டில் ஒரே கீறல், முழுக்கப் பிளப்பதில்லை, புத்தகம் மாதிரித் திறக்கும். மஞ்சள் வெண்ணெய் ஒரு தேய்ப்பு. சின்ன வாணலியில் பொரித்த முட்டை, மஞ்சள் கரு பாதி உடைந்த நிலையில். மேலே கேரட்டும் வெள்ளை முள்ளங்கியும் குச்சி குச்சியாக நறுக்கி வினிகர், சர்க்கரையில் ஊறவைத்தது. நீளவாக்கில் ஒரு வெள்ளரித் துண்டு, கொத்தமல்லி தண்டோடு, சிவப்பு மிளகாய் நாலு வில்லை. மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலிலிருந்து சோயா சாஸ் மூன்று உதறல். ஒரு காகிதத்தில் உருட்டி, மணிக்கட்டில் வளையல் மாதிரி அடுக்கி வைத்திருக்கும் ரப்பர் பேண்டில் ஒன்றை உருவி மாட்டுவார். முட்டை பொரிகிற நேரத்தைக் கழித்தால் நாற்பது விநாடி. எண்ணிப் பார்த்தேன்.

விலை 20,000 டாங். மிரள வேண்டாம், முந்நூறு டாங் ஒரு ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொண்டால் அறுபத்தைந்து ரூபாய் சொச்சம். ஒன்று தின்றால் மதியம் வரை பசி இல்லை.

ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரிலும் பிரெஞ்சு ரொட்டி உண்டு, அடித்தால் ஆளுக்குக் காயம் ஆகும். இது கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. மேல்தோல் முட்டை ஓடு மாதிரி மெல்லிசு, உள்ளே பஞ்சு. 'என்னடா, காத்தைப் பிடிச்சு சுட்ட மாதிரி இருக்கு' என்றார் அம்மா. அரிசி மாவு கலப்பார்களோ என்று செல்போன் மொழிபெயர்ப்பை வைத்துக் கேட்டேன். கோ தலையை ஆட்டி, 'போத் மீ, போத் மீ' என்றார். கோதுமை மாவு, கோதுமை மாவு. சந்தின் மறுகோடியில் இருக்கும் அடுப்பிலிருந்து காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை சைக்கிளில் கூடை வரும்.

அம்மா ஒரு கடி கடித்தார். மென்றார். அப்புறம் ரொட்டியைத் திறந்து உள்ளே இருந்த கேரட்டை மட்டும் இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டார்.

'சைகோன் ஆயா வீட்டுக் கேரட்.'

வேறு ஒன்றும் சொல்லவில்லை. கோவிடம் கிண்ணத்தைக் காட்டி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி, தனியாகவே தின்றார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆயா ஒரு பிடி கையில் வைப்பாராம். தரையில் சொட்டாமல் வீடு வரைக்கும் வர வேண்டும்.

சாப்பிட்டு முடித்துக் காகிதத்தைக் கசக்கப்போனேன், அம்மா பிடுங்கிக்கொண்டார். அது ஏதோ பையனின் பழைய கணக்கு நோட்டுத்தாள். கட்டம் போட்ட தாளில் அழகான எழுத்து. மொழி புரியாவிட்டால் என்ன, எண் எண்தானே. அம்மா கண்ணாடியை மாட்டினார்.

'ஏழெட்டு ஐம்பத்து நாலுன்னு எழுதியிருக்கான். அதுக்கு டீச்சர் டிக் வேற போட்டிருக்கா!'

அவருக்கு வந்த கோபம் முழுக்க அந்த டீச்சர் மேல்தான். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 54ஐ அடித்து 56 என்று எழுதி, எண்ணெய்க் கறையோடு தாளைக் கோவிடம் நீட்டினார். கோ பார்த்தார். உள்ளறையைப் பார்த்து ஒரு சத்தம். பத்து வயதுப் பேரன் செல்போனோடு எட்டிப் பார்த்தான். லீவு நாளில் போன வருஷத்துக் கணக்குக்குத் திட்டு வாங்கியவன் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். அம்மாவை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே.

மதியம் போர்க்காலத்துக் கூ சீ சுரங்கங்கள். குனிந்து இருபது மீட்டர் போனேன், முதுகு இன்னும் திட்டுகிறது. அதைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது.

ஜூலை 18, வியாழன்

இன்று துரோகம் செய்தேன்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். காவ் தாங் தெருவில் ஹோவா மா என்ற பழைய கடை இருப்பது தெரியும், எங்கள் அறையிலிருந்து நடக்கும் தூரம்தான். 1958இல் தொடங்கியது. அங்கேயும் சந்துதான், சந்துக்குள் சின்ன ஸ்டூல்தான். சுடச்சுட வாணலியிலேயே முட்டை, இறைச்சி, வெங்காயம் எல்லாம் வரும், ரொட்டி தனியாக. பிய்த்துத் தொட்டுத் தின்ன வேண்டும். வாணலி உட்கார்ந்த இடத்தில் மேசை சூடாகிறது, எண்ணெய் தெறித்து என் சட்டையில் மூன்று பொட்டு.

பிரெஞ்சுக்காரர்கள் 1859இல் சைகோனைப் பிடித்தபோது ரொட்டி அவர்கள் தட்டில்தான் இருந்தது. கத்தி, முள்கரண்டி, தனித்தனியாக இறைச்சி, வெண்ணெய். கோதுமை இந்த மண்ணில் விளையாது, கப்பலில் வர வேண்டும், ஆகவே துரைச் சாப்பாடு. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். அப்படி வந்த ஒரு தம்பதி தொடங்கியதுதான் இந்தக் கடை. வேலைக்கு ஓடுகிறவனுக்குத் தட்டு வைத்துச் சாப்பிட நேரம் ஏது? எல்லாவற்றையும் ரொட்டிக்குள் திணித்துக் கையில் கொடுக்கிற வழக்கம் அந்தக் காலத்து சைகோனில்தான் பரவியது. அதே 1954, நவம்பர் 1இல்தான் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே வருஷத்தில் ஒரே துரை இரண்டு வீட்டைக் காலி செய்திருக்கிறார். எங்களுக்கு விட்டுப்போன ரொட்டியை நாங்கள் அப்படியே வைத்துக்கொண்டோம், இவர்கள் அதைத் தம் வாய்க்கு வளைத்துக்கொண்டார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

திரும்பி வரும்போது சந்து வாயில் கோ. என் சட்டையின் எண்ணெய்ப் பொட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே ஒரு பான் மீ வாங்கிக்கொண்டேன், பசியே இல்லாமல்.

சாயங்காலம் செய்தது அதைவிடப் பெரிய தவறு. ஊரிலேயே பெரிய பான் மீ என்று எல்லோரும் சொல்லும் ஒரு கடைக்கு, பெயர் வேண்டாம், பைக் டாக்சி பிடித்துத் தனியாகப் போனேன். நாலு மணிக்கு வானம் கறுத்தது. இங்கே ஜூலை மழைக்குத் தூறல் என்ற முன்னுரை கிடையாது, வாளியைக் கவிழ்த்த மாதிரி ஆரம்பிக்கும். பைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஓரம் கட்டி, ஒரே நிமிடத்தில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்தவன் முன்னவர் கோட்டின் வாலுக்குள் தலையை நுழைத்துக்கொள்ள வேண்டும். பாதை தெரியாது, நீல பிளாஸ்டிக் மட்டும்தான் தெரியும். அப்படிப் போய் இறங்கி, முப்பத்தைந்து நிமிடம் வரிசை.

70,000 டாங். கையில் வாங்கினால் செங்கல். ஏழெட்டு வகை இறைச்சி, ரொட்டி எங்கே என்று தேட வேண்டும். பாதிக்கு மேல் முடியவில்லை. ருசி இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது காலைச் சாப்பாடு இல்லை, பந்தயம்.

திரும்பி வந்து இறங்கியதும் நனைந்த கையோடு ஒரு நீல நோட்டை உருவிக் கொடுத்தேன். வண்டிக்காரர் வாங்கிக்கொண்டு சட்டென்று போய்விட்டார். அறைக்கு வந்து எண்ணும்போதுதான் உறைத்தது. இருபதாயிரமும் நீலம், ஐந்து லட்சமும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின். இருபதாயிரத்துக்குப் பதில் ஐந்து லட்சம் கொடுத்திருக்கிறேன். ஆயிரத்து அறுநூறு ரூபாய் நஷ்டம்.

'பூஜ்யத்தை எண்ணிக் குடுக்கத் தெரியலையாடா? என் பிள்ளைன்னு வெளில சொல்லிக்காதே' என்றார் அம்மா.

ஜூலை 19, வெள்ளி

காலையில் காபிப் பையன் மூலமாகக் கோவுக்கு நோட்டுச் சமாச்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கையை நீட்டினார். பணப்பையைக் கேட்கிறார் என்று புரிய நேரம் ஆனது. கொடுத்தேன். வண்டியின் மேல் நோட்டுகளைப் பரப்பி, ஐந்து லட்சங்களை மட்டும் தனியே நாலாக மடித்து, மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவிச் சுற்றி, பையின் அடியில் திணித்தார். இருபதாயிரங்கள் மேலே. விரலை ஆட்டி ஏதோ சொன்னார். 'ரப்பரை அவிழ்க்கும்போது யோசி என்கிறார்' என்று பையன் மொழிபெயர்த்தான். வரிசையில் நின்றவர்கள் அவரவர் அவசரத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு மனக்குறை. 'அந்தம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சீ சீங்கிறாளே, நான் என்ன பண்ணினேன்?' சிரித்து முடிக்க எனக்கு நேரம் ஆனது. 'சீ' என்றால் அக்கா. தன்னைவிட ஏழு வயது மூத்தவர் என்பதால் மரியாதையாகக் கூப்பிடுகிறார். தெரிந்த பிறகு அம்மா அந்த 'சீ'யைக் கேட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

இன்று முதல் ஆடி வெள்ளி. அம்மாவுக்கு முட்டையும் ஆகாது. வெறும் ரொட்டி 5,000 டாங், உள்ளே கேரட்டும் வெள்ளரியும் மட்டும். கோ அதற்குக் காசு வாங்க மறுத்தார், அம்மா கொடுக்காமல் நகர மறுத்தார். ஐந்து நிமிடம் நோட்டு இப்படியும் அப்படியும் போனது. கடைசியில் அது மாடத்துச் சாமி முன்னால் போய் உட்கார்ந்தது.

பிறகு துருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோவில். வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. பென் தான் சந்தைக்குப் பக்கம்தான். ஆடி வெள்ளிக்கான கூழோ வேப்பிலையோ நாங்கள் போன நேரத்தில் கண்ணில் படவில்லை. கூட்டம் இருந்தது, அத்தனையும் வியட்நாம்காரர்கள். கை நிறைய ஊதுபத்தி, தட்டில் பூ, பழம். கோவிலுக்குப் பின்பக்கம் போனால் கருங்கல் சுவரில் நெற்றியை வைத்து, கண்ணை மூடி, அம்மனிடம் ரகசியமாகப் பேசுகிறார்கள். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் பத்து நிமிடம் பேசினாள். யாரும் அவளை 'நகருங்க நகருங்க' என்று தள்ளவில்லை.

அம்மா முதலில் தயங்கினார். அப்புறம் அவரும் சுவரில் நெற்றியை வைத்தார். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்.

சாயங்காலம் கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் நியுயென் ஃபூ சோங் மதியம் இறந்துவிட்டார் என்ற செய்தி. எல்லோரும் ரொட்டியோடு நின்று பார்த்தார்கள், யாரும் அதிகம் பேசவில்லை. பேரன் மட்டும் என் அம்மா வருவதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான்.

ஜூலை 20, சனி

கண்ணாடிப் பெட்டியில் இறைச்சி இல்லை! பாதி காலி, மீதியில் பொரித்த டோஃபு, காளான், ஏதோ பழுப்பு நிறத்தில் இழை இழையாக. வண்டியின் முன்னால் அட்டையில் 'சாய்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தது. டீயும் போட ஆரம்பித்துவிட்டாரோ என்று நினைத்தேன். சாய் என்றால் இங்கே சைவம்.

'ராம், ராம்' என்றார் கோ, வானத்தைக் காட்டி. அம்மா பதிலுக்குக் கை கூப்பிவிட்டார். ராமர் இல்லை, பௌர்ணமி. அவர்கள் கணக்கில் ஆறாம் மாதத்தின் பதினைந்தாம் நாள். மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே நிறையப் பேர் இறைச்சி தொடமாட்டார்களாம். கடைக்கு அதனால் நஷ்டமா என்று கேட்டேன். பையன் வரிசையைக் காட்டினான். மற்ற நாளைவிட நீளம்.

'அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விரதம். பாருடா, இவ்வளவு தூரம் வந்தும் அதே காலண்டர்' என்றார் அம்மா. ஊரில் பௌர்ணமி சாயங்காலம்தான் ஆரம்பிக்கிறது, நாளை வரை இருக்கிறது என்று சொல்லவந்தேன். அவர் அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஊரில் அம்மா முழுசாக ஒரு பான் மீயைச் சந்தேகம் இல்லாமல் தின்றது இன்றுதான். டோஃபுவை எலுமிச்சைப்புல், மிளகாய் போட்டுப் பொரித்திருந்தார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பன்னீர் மாதிரி. அதன் மேல் அந்தக் கேரட். பாத்தே இல்லாத குறையை சோயா சாஸும் காளானும் பார்த்துக்கொண்டன. உண்மையைச் சொன்னால், ஐந்து நாளில் நான் தின்றதில் இதற்குத்தான் முதலிடம். இறைச்சி இருந்த நாட்களில் ரொட்டியின் வாசனை இவ்வளவு தெரியவில்லை.

கூட்டம் குறைந்ததும் அம்மா வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பிப் பார்க்கிறேன், இரண்டு பேரும் கேரட் நறுக்குகிறார்கள். பொதுமொழி ஒரு வார்த்தை கிடையாது. கோ உப்பு போட்டுப் பிசைந்து, தண்ணீரைப் பிழிந்து காட்டினார். ஒரு குச்சியை எடுத்து இரண்டு முனையையும் சேர்த்து வளைத்தார், உடையவில்லை. அந்தப் பதம் வந்த பிறகுதான் வினிகர், சர்க்கரை, வெந்நீர். அம்மா அரைக்கிண்ணம் சர்க்கரை என்று கையில் காட்ட, கோ இன்னொரு அரை என்று காட்ட, 'அவ்வளவா!' என்றார் அம்மா தமிழில். 'அவ்வளவுதான்' என்ற மாதிரி எதையோ சொன்னார் கோ வியட்நாமியத்தில். நான் மொழிபெயர்ப்புக்குச் செல்போனை நீட்டினேன், இரண்டு பேரும் கையால் ஒதுக்கிவிட்டார்கள்.

தெருவைக் கடக்க அம்மாவுக்கு இந்த ஊரில் இதுவரை என் கை வேண்டியிருந்தது. பைக் வெள்ளம் நிற்காது, நாம்தான் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். நின்றால்தான் ஆபத்து. இன்று சாயங்காலம் கோ அம்மாவின் முழங்கையைப் பிடித்து எதிர்ப்பக்கச் சந்தைக்கு வினிகர் பாட்டில் வாங்கிக்கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பைஜாமாவும் ஒரு புடவையும் நடுரோட்டில் பேசிக்கொண்டே போன மாதிரி இருந்தது. ஒரு ஹாரன்கூடக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய், நூறு கேட்டது.

ஜூலை 21, ஞாயிறு

மதியம் விமானம். காலையில் கடைசியாகப் போனோம். பெட்டியில் இறைச்சி திரும்பிவிட்டது. எனக்கு எல்லாம் போட்டது, அம்மாவுக்கு ஓப் லா, வழிக்கு இரண்டு டோஃபு. நேற்றைய மீதி டோஃபுவை எடுத்து வைத்திருந்தார் என்பது பையன் சொல்லித்தான் தெரிந்தது. வழிக்கு எடுத்துப்போவதற்கு மட்டும் கோவுக்கு மனம் இல்லை. ரொட்டியை விரலால் அழுத்திச் சரசர சத்தத்தைக் காட்டி, இரண்டு மணி நேரம் என்று இரண்டு விரல் காட்டி, பிறகு முகத்தைச் சுளித்தார். அதற்கப்புறம் ரப்பர்.

நாலு பான் மீக்குப் பணம் கொடுத்தேன். மேலே இருந்த நீலத்தைத்தான் எடுத்தேன், எண்ணியும் பார்த்தேன். கோ நான் எண்ணுவதைப் பார்த்துத் தலையாட்டினார்.

அம்மா புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தார். கோ ஒன்றை உடைத்து வாயில் போட்டு, காதைக் காட்டிச் சிரித்தார். சத்தம் பிடித்திருக்கிறது போல. 'சீ ஓய்' என்று ஆரம்பித்து நீளமாக ஏதோ சொன்னார். பையன் அந்த நேரம் பார்த்துக் கடையில் இல்லை. அம்மா எல்லாவற்றுக்கும் 'சரி, சரி' என்றார்.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையில் வினிகர் பாட்டில் போனது. கைப்பையில் வைக்காதே என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். 'ஊர்ல வினிகர் கிடைக்காதா என்ன?' என்று அம்மா எனக்கே சமாதானம் சொன்னார், ஆனால் நெடுநேரம் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். காத்திருக்கும் இடத்தில் பொட்டலத்தைப் பிரித்தோம். கோ சொன்னது சரி, ரொட்டி இழுத்தால் வருகிறது, உடையவில்லை. இருந்தாலும் கேரட் அப்படியே இருந்தது. அம்மா தின்று முடித்து, வாயைத் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றியிருந்த தாளை மடியில் வைத்து நீவினார்.

லாட்டரி முடிவு அச்சடித்த தாள். என்னுடையதைப் பார்த்தார். அதுவும் லாட்டரிதான். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'கணக்கு நோட்டை ஒளிச்சு வெச்சுட்டான்டா, திருட்டுப் பய.'